மட்டக்களப்பு வெயிலில் ஓர் அம்பர் ஏலைச் சுவைத்து மதிப்பிடும் முறை

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேரும் ஒருவருக்கு, கைவிறைக்கும் அளவுக்குக் குளிர்ந்த லாகர் பியர் தாகத்தைத் தீர்க்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சிறு ஆலைகளில் நிதானமாகக் காய்ச்சப்படும் அம்பர் ஏல் என்னும் செம்பு நிறப் பியரையும் அதே குளிரில் அருந்தினால், கொடுத்த காசில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். கடுங்குளிரில் வாசனை மேலெழாது; நாக்கும் மரத்துப் போகும். ஆகவே நம் பகுதியில் இந்தப் பானத்தை மதிப்பிட விரும்புபவர் முதலில் பழக வேண்டியது வெப்பநிலையைக் கையாள்வதைத்தான்.

அம்பர் ஏல் 1980களில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த சிறு பியர் ஆலைகளிலிருந்து பரவிய வகை. முளைவிட்ட வாற்கோதுமையை ஈரத்தோடு சூடாக்கி, அதன் மாப்பொருள் மணியின் உள்ளேயே சீனியாக மாறிய பின் வறுத்தெடுப்பதால் கிடைக்கும் கிரிஸ்டல் மோல்ட்தான் இதற்குச் செம்பு நிறத்தையும் பாகுச் சுவையையும் தருகிறது. அந்தச் சீனியில் ஒரு பகுதியை ஈஸ்டினால் நொதிக்கச் செய்ய முடியாது என்பதால் இனிப்பு பானத்திலேயே தங்கிவிடுகிறது. அந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும் கைப்பையும் தோடம்பழத்தோல் போன்ற மணத்தையும் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்கள் கொடுக்கின்றன. 1972இல் ஒரிகன் மாநிலத்தில் வெளியிடப்பட்ட கஸ்கேட் என்னும் இனம் இதற்குப் பெயர்போனது. பியர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பு, இவ்வகைக்கு மதுசாரம் 4.5 முதல் 6.2 சதவீதம் வரை, கைப்பு, அதை அளக்கும் அலகான ஐ.பி.யு.வில் 25 முதல் 40 வரை என எல்லை வகுத்திருக்கிறது. எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாகும் கைப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றனவா என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

சுவைப்பதற்கு முன் கிளாஸைக் கவனியுங்கள். மீன் பொரித்த சட்டியைத் தேய்த்த அதே பஞ்சினால் கழுவிய கிளாஸ் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை நுரையைக் கொன்றுவிடும். வெறும் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் கிளாஸ் சுத்தம், துளித்துளியாகப் பிரிந்து நின்றால் மீண்டும் கழுவ வேண்டும். கழுவியதைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். நுளம்புச் சுருளோ சாம்பிராணியோ எரியும் அறையில் உட்காராதீர்கள். காரமான கறியோடு சோறு உண்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது பொறுங்கள்; மிளகாயின் எரிவு அடங்காத நாக்கு, கைப்பின் அளவைச் சரியாகச் சொல்லாது. இடையிடையே வாயைச் சுத்தப்படுத்தத் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும் போதும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைப் பத்து நிமிடம் மேசையில் நிற்க விட்டு, 100 மில்லிலீற்றர் அளவு மட்டும் ஊற்றுங்கள். நமது வெயில் இந்த இடத்தில் ஒரு வசதியைத் தருகிறது. குளிர்நாட்டில் கிளாஸைக் கையால் பொத்திச் சூடேற்ற வேண்டியிருக்கும். இங்கோ அறையின் வெப்பமே சிறிது நேரத்தில் பானத்தை 6 பாகையிலிருந்து 12 பாகை செல்சியசுக்கு ஏற்றிவிடும். எனவே ஊற்றியதும் ஒரு முறை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை என மூன்று தடவை சுவைத்து, ஒவ்வொரு தடவையும் தோன்றியதைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல அம்பர் ஏல் இரண்டாம் தடவையில் விரிந்து கொடுக்கும். குறையுள்ள ஏல் மூன்றாம் தடவையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊற்றிய உடனேயே மூக்கைக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் மெல்லிய மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். கிளாஸை இலேசாகச் சுழற்றி, நீண்ட ஒரு மூச்சாக இல்லாமல் குறுகிய இரண்டு மூன்று மூச்சுகளாக முகருங்கள். வெளிநாட்டார் எழுதிய சொற்பட்டியலைத் தேடாமல் உங்கள் அடுப்படியின் நினைவையே துணைக்கு அழையுங்கள். தொதல் கிண்டும்போது சர்க்கரைப் பாகு செம்மை ஏறும் கட்டத்தில் எழும் மணம், சூடான பாணின் மேலோடு, நெஸ்டமோல்ட் தகரத்தைத் திறந்ததும் வரும் மணம் ஆகிய மூன்றும் மோல்டின் பக்கத்தைச் சேர்ந்தவை. தோடம்பழத்தோலை நகத்தால் கீறினால் தெறிக்கும் மணமும் மரப்பிசின் மணமும் ஹொப்ஸின் பக்கத்தைச் சேர்ந்தவை.

நிறத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். வெள்ளைத் தாளின் முன் பிடித்தால் செம்மஞ்சளுக்கும் செம்புக்கும் இடைப்பட்ட நிறமும், தந்த வெண்மையான நுரையும் தெரிந்தால் போதும்.

சுவைக்கும்போது ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் படரவிட்டு, விழுங்கிய பின் வாயை மூடி மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். தொண்டை வழியாக மேலேறும் அந்த மணத்தில்தான் பாகின் நுட்பம் தெரியும். இங்கே தமிழரான நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கைப்பையும் துவர்ப்பையும் சிறுவயதிலேயே வேறுவேறாகச் சொல்லப் பழகியவர்கள் நாம். பாகற்காயின் கைப்பு நாக்கில் சுவையாக நின்று மெல்ல மறையும். நெடுநேரம் ஊறவிட்ட தேயிலைச் சாயத்தின் துவர்ப்போ கன்னத்தின் உட்புறத்தை இறுக்கி உலர்த்தும். அம்பர் ஏலில் கைப்பு இருக்க வேண்டும், துவர்ப்பு மேலோங்கக் கூடாது. வாய் உலர்ந்து இறுகினால், தானிய உமியிலிருந்து தேவைக்கு மேல் சாறு இறங்கிவிட்டது என்று ஐயப்படலாம். விழுங்கிய பின் அரை நிமிடம் காத்திருந்து, கடைசியில் நிற்பது இனிப்பா கைப்பா என்று பாருங்கள். பாகு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டாவது கிளாஸ் திகட்டிவிடும்.

குறைகளை அறிவதற்கும் ஊர் மணங்களே உதவும். பட்டர் ரொபி போன்ற வழுவழுப்பான மணம் டயசெட்டில் என்னும் பொருளால் வருவது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பானத்தைக் குளிர்வித்தால் அது தங்கிவிடும். இதை நல்ல பாகு மணம் என்று மயங்குவோர் பலர். நானும் நீண்ட காலம் அப்படித்தான் மயங்கியிருந்தேன். பாகு மணத்தில் கருகலின் சாயல் ஒன்று இருக்கும், டயசெட்டிலில் அது இருக்காது. பச்சை அப்பிள் மணம் நொதித்தல் முழுமை பெறாததைக் காட்டும். அவித்த சோள மணமும் குறையே. கள்ளு நாட்பட்டு வினாகிரியாகும்போது மூக்கைக் குத்தும் அந்தப் புளிப்பு வந்தால் வேண்டாத பக்டீரியா புகுந்திருக்கிறது.

வெளிச்சத்தால் வரும் கேட்டை நீங்களே செய்து பார்க்கலாம். மலிவான லாகர் ஒன்றை இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றை அரை மணி நேரம் முற்றத்து வெயிலிலும் மற்றதை மூடிய அலுமாரியிலும் வைத்து, பின் இரண்டையும் குளிர்வித்து முகர்ந்து பாருங்கள். வெயிலில் நின்றதில் எரிந்த றப்பரையும் அழுகிய வெங்காயத்தையும் ஒத்த நாற்றம் எழும். ஹொப்ஸின் கைப்புப் பொருள்மீது ஒளி படுவதால் உண்டாகும் மாற்றம் இது. போத்தல்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதன் காரணமும் இதுவே; பாசிக்குடா மணலிலோ அறுகம்பையிலோ திறந்த கிளாஸை வெயிலில் வைத்துவிட்டு ஆலையைக் குறை சொல்லக் கூடாது.

வெப்பம் செய்யும் கேடு இதைவிட மெதுவானது. என் மச்சான் ஒருமுறை கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஒரே ஆலையின் இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்தார். ஒன்றை அன்றே குளிர்வித்துச் சுவைத்தோம். தொதலும் தோடம்பழத்தோலும் தெளிவாக இருந்தன. மற்றதை நான் குசினித் தட்டில் மூன்று வாரம் விட்டுவைத்தேன். திறந்தபோது நிறமும் நுரையும் அப்படியே இருந்தன, மணம் மட்டும் மழையில் நனைந்து ஊறிய கடதாசி மட்டையினுடையதாக மாறியிருந்தது. போத்தலுக்குள் தங்கிய சிறிதளவு ஒட்சிசன், சூட்டில் விரைந்து வேலை செய்ததன் விளைவு அது.

புள்ளியிட விரும்பினால் பி.ஜே.சி.பி.யின் 50 புள்ளித் தாளைப் பின்பற்றலாம்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தடிப்புக்கும் வாயுவுக்கும் 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. கூட இருப்பவரோடு பேசுவதற்கு முன்பே உங்கள் புள்ளியை எழுதிவிடுங்கள். ஒருவர் வாய் திறந்து "பட்டர்" என்று சொன்ன பின் எல்லோர் மூக்கிலும் பட்டர்தான் மணக்கும். தாளின் அடியில், போத்தலில் அச்சிட்ட திகதி, எத்தனை நாள் குளிரில் இருந்தது, எந்த வழியாக வந்தது ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். ஈரமட்டை மணத்துக்குப் புள்ளியைக் கட்டாயம் குறைக்க வேண்டும். ஆனால் அந்தப் போத்தல் மூன்று வாரம் உங்கள் குசினித் தட்டில் இருந்தது என்றால், காய்ச்சியவரைப் பற்றிய கருத்தைக் குளிரில் வந்த இன்னொரு போத்தல் கிடைக்கும் வரை எழுதாமல் விடுங்கள்.