"ஃப்யூயல் செல்லில் இதை யாரும் வைத்ததில்லை" என்று மட்டும் வாதாடாதீர்கள்

மெத்தனால் ஃப்யூயல் செல்லின் (மெத்தனாலை எரிபொருளாகக் கொண்டு மின்சாரம் தரும் கலம்) தொட்டியில் திரவ மட்டத்தை அளக்க சென்சார் வைத்து அமெரிக்காவில் காப்புரிமை கேட்டால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் பெரும்பாலும் இரண்டு பழைய ஆவணங்களை எடுத்துப் போடுவார். ஒன்றில் ஃப்யூயல் செல், மற்றதில் ஏதோ பெட்ரோல் டேங்க் சென்சார். இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்த எவருக்கும் தோன்றுமே என்பார். அதுதான் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 103: துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை இல்லை.

"இதுவரை யாரும் சேர்த்ததில்லையே" என்று பதில் எழுதுகிறார்கள். அது புதுமை பற்றிய பதில், அவர் கேட்டது அதுவல்ல. சரி, "சேர்க்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது?" என்று மடக்கலாமா? 2007-இல் கேஎஸ்ஆர் - டெலிஃப்ளெக்ஸ் வழக்கிலேயே அந்தக் கதவு பெருமளவு மூடிவிட்டது. கார் பெடலில் எலக்ட்ரானிக் சென்சாரைச் சேர்த்த காப்புரிமை அது. சேர்ப்பதற்கான காரணம் ஆவணத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற கறாரான அணுகுமுறையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. "பெட்ரோல் டேங்க் வேறு துறை" என்பதும் தனியாக நிற்காது, தீர்க்கும் பிரச்சினை ஒன்றாக இருந்தாலே போதும்.

உண்மையான வாதம் பெரும்பாலும் திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. கெப்பாசிட்டன்ஸ் சென்சார் என்றால், அதன் அளவீடு திரவத்தின் ஒப்புமை விடுதிறனை (மின்னூட்டத்தைத் தேக்க அந்தத் திரவம் எவ்வளவு உதவுகிறது என்பதை) பொறுத்தது. அறை வெப்பநிலையில் அது தண்ணீருக்குச் சுமார் 80, மெத்தனாலுக்குச் சுமார் 33. தொட்டியில் இருப்பது மெத்தனால்-தண்ணீர் கலவை என்றால், அதன் செறிவு மாறினால் மட்டம் அப்படியே இருந்தும் அளவீடு நகரும், போதாக்குறைக்கு செல்லின் ஆனோடு என்ற மின்முனையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் வேறு. பெட்ரோல் சென்சாரை அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது என்பதற்கு இது நல்ல காரணம் (தொட்டியில் சுத்த மெத்தனால்தான் என்றால் இந்த வாதத்தை மறந்துவிடுங்கள்). ஆனால் இதை வக்கீல் தன் வாதமாக எழுதினால் சாட்சியம் ஆகாது, சோதனை அளவீடுகளோடு நிபுணரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, செறிவுத் திருத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் கிளெய்மில் வெறும் "லெவல் சென்சார்" என்று விட்டுவைப்பது. கிளெய்மில் இல்லாத அம்சம் உங்களைக் காப்பாற்றாது.

அப்புறம், பழைய ஆவணம் அல்ட்ராசோனிக் சென்சாரே மேல் என்று சொன்னால், மற்றதைச் செய்யாதே என்று எச்சரித்ததாக அர்த்தமில்லை. 1966-இல் ஆடம்ஸ் வழக்கில் நிலைமை வேறு. மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் கொண்டு, தண்ணீர் ஊற்றினால் இயங்கும்படி அவர் செய்த மின்கலத்தை நிபுணர்களே முதலில் நம்பவில்லை, அந்த மாதிரி மின்கலம் நடைமுறைக்கு ஆகாது என்பதே அப்போதைய கருத்து. எக்ஸாமினர் காட்டும் பழைய ஆவணம் அந்த அளவுக்குச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஆவணமே செய்யாதே என்கிறது" என்ற வாதத்தை எடுங்கள்.