மழையில் மாமல்லபுரம்: சொந்தக்காரர்களோடு மாட்டிக்கொண்டால்

ஐப்பசி, கார்த்திகையில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் சென்னைக்கு வந்தால் மழையும் கூடவே வந்து இறங்கும். போன வருஷம் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா, சித்தி, அத்தை, இரண்டு பொடிசுகள். கொளத்தூரில் வேன் பேசி மாமல்லபுரம் கிளம்பினோம். முட்டுக்காட்டைத் தாண்டும்போது வைப்பர் ஓடியும் ரோடு தெரியவில்லை. கடற்கரைக் கோயில் வாசலில் இறங்கிய சித்தப்பா, "ஏல, இதுல கடல் எது, வானம் எதுன்னே தெரியலையே" என்றார். பதில் சொல்வதற்குள் என் குடை காற்றில் மல்லாந்துகொண்டது.

இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, முதல் நாள் ராத்திரி டிவி செய்தியோடு நிறுத்தாதீர்கள். கிளம்புவதற்கு முன் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் ரேடார் படத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேகம் பெரும்பாலும் கடலிலிருந்துதான் கரைக்கு வரும். ஆகவே நகரத்தின்மேல் என்ன இருக்கிறது என்பதைவிட, கிழக்கே கடல்மேல் என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம். இடைவெளி விட்டுத் திட்டுத்திட்டாக இருந்தால் விட்டு விட்டுப் பெய்யும், போகலாம். ஒரே போர்வையாக இருந்தால் வீட்டில் பஜ்ஜி போடுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை கொட்டலாம் என்று அர்த்தம். வேனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டால், பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். எல்லோரும் முதலில் ஓடுவது கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும். இரண்டும் வெட்டவெளி, ஒதுங்க இடமில்லை. இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான், மழை விட்ட பிறகு வாங்கினால் போதும். அதுவரை மண்டபங்களில் இருங்கள். எங்களை அன்று காப்பாற்றியது அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்துக்குப் பக்கத்திலிருக்கும் கிருஷ்ண மண்டபம். அங்கே பாறையில் செதுக்கிய கண்ணன் சிற்பத்துக்கு முன்னால் பிற்காலத்தில் தூண் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒரு குடும்பம் தாராளமாக நிற்கலாம். உள்ளே திரும்பிப் பார்த்தால், இந்திரன் அனுப்பிய மழையிலிருந்து ஆயர்களைக் காக்க கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்! பக்கத்திலேயே ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அத்தை ஊரில் மாடு வைத்திருந்தவர். ஈரத் தலையைத் துவட்டவும் மறந்து அந்தப் பசுவையே பார்த்தபடி, "கன்னை முன்னால விட்டாத்தான் இது பால எறக்கும்" என்றார். வெயில் நாளாக இருந்தால் அங்கே இரண்டு நிமிஷம் நின்றிருப்போமா என்பது சந்தேகம். நாங்கள் நின்றது முக்கால் மணி நேரம்.

பாறைமேல் மட்டும் ஏறாதீர்கள். நனைந்த கருங்கல்லில் தேய்ந்த ரப்பர் செருப்பு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். சித்தி வழுக்கி விழப்பார்த்ததை வேறு எழுத வேண்டாம் என்று உத்தரவு.

தூறலாக இருந்தால் வழியில், தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இறங்கலாம். அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து முற்றத்தில் மழை விழுவதைப் பார்ப்பது தனி சுகம். வீட்டுக்கு வீடு நடக்கும்போது நனைவீர்கள், அதற்குத் தயாராகப் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ராத்திரி எழும்பூரில் ரயில் ஏற்ற வேண்டிய நாளில் மழை பிடித்தால் மாமல்லபுரம் போகும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கமே போகாதீர்கள். திரும்பும்போது எங்கே தண்ணீர் தேங்கி நிற்கும் என்று சொல்ல முடியாது. மூட்டையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851-இல் தொடங்கியது. ஐம்பொன் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். அந்த ஒரு கூடத்துக்கே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை திறக்க மாட்டார்கள். மற்ற நாளில் சாயங்காலம் ஐந்து மணிவரை.

கையில் என்ன வேண்டும்? ஆளுக்கொரு துண்டு, குழந்தைகளுக்கு மாற்றுத் துணி, ஈரத்தைத் திணிக்கத் தனிப் பை. சாப்பாட்டுக்குப் புளிசாதம்; தயிர்சாதம் வேண்டாம், நனைந்து நடுங்குகிற பிள்ளைகள் தொடமாட்டார்கள். அப்புறம் சின்னப் பூட்டு இரண்டு. பூட்டில்லாத பையை கிளோக் ரூமில் வாங்க மாட்டார்கள். சித்தப்பாவின் பைக்காக மழையில் பூட்டுக் கடை தேடி அலைந்தது நான்.