லடாக்: மேலே ஏறும் முன் கீழே இறங்குங்கள்

லடாக்கின் முக்கிய ஊரான லேயில் விமானம் இறங்கிய மறுநாளே கர்துங் லா கணவாய் என்று யாராவது திட்டம் போட்டுத் தந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள். லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம், கர்துங் லா 5,300-க்கும் மேல். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், அதனால் முதல் இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் வேலை. மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்ற வீரம் அங்கே செல்லாது.

மூன்றாம் நாள், என்னோடு வருபவர்களை மேற்கே ஆல்ச்சிக்குத்தான் கூட்டிப் போவேன். லேயைவிடத் தாழ்வான ஊர், மூச்சு வாங்காது. வழியில் நிம்முவில் ஜான்ஸ்கார் ஆறு சிந்துவில் கலப்பதைப் பார்க்கலாம். கோடையில் இரண்டு நீரும் நிறத்தாலேயே பிரிந்து தெரியும்.

மற்ற பௌத்த மடங்கள் பெரும்பாலும் மலை உச்சியில் இருக்கும், ஆல்ச்சி மடமோ ஊருக்குள் சமதளத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மண் கட்டடம். மூன்றடுக்கு சும்ட்செக் கோயிலுக்குள் போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். புத்தராகும் வழியில் இருப்பவர்களான போதிசத்துவர்களின் பிரமாண்டமான மூன்று சிலைகள் இருக்கும். முகத்தை விடுங்கள், இடுப்பு வேட்டியைப் பாருங்கள்! அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும், மைத்ரேயருடையதில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீயுடையதில் பௌத்த சித்தர்கள். எல்லாம் காஷ்மீர ஓவியர் கைவண்ணம். படம் எடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான், எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள்.

அப்புறம் லாமாயுரு மடம். அதைச் சுற்றி மஞ்சள் களிமண் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். முன்பு அங்கிருந்த ஏரியின் வண்டல் அது. மாலை வெயிலில் பார்த்தால்தான் மடிப்புகள் எடுப்பாகத் தெரியும்.

வழியில் சோர்ட்டன் எனும் ஸ்தூபியோ, மந்திரம் செதுக்கிய மணிக்கற்களை அடுக்கிய சுவரோ வந்தால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். எதிரே வருபவருக்கு ஒரு 'ஜூலே' சொல்லுங்கள், அது அந்த ஊர் வணக்கம். மணிக்கல்லை நினைவுக்காக எடுத்து வராதீர்கள்.

இதற்குள் உடம்பு பழகியிருக்கும். இனி கர்துங் லா தாண்டி நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம். அங்கே ஹுண்டர் ஊரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் உண்டு. மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் நகரோடு நடந்த வணிகம் ஓய்ந்த பிறகு அங்கேயே தங்கிவிட்ட ஒட்டகங்களின் வழிவந்தவை. சவாரிக்கு வரிசை நீளம். எனக்கு டிஸ்கிட் மடத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பதே போதும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு கொண்டு போங்கள், கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.