ஏவிஆர்டியூட், ஐ2சி-டிடெக்ட்: டெர்மினல் கருவிகளை எங்கே வைப்பது?

ஆர்டுயினோவில் புரோகிராம் ஏற்ற ஏவிஆர்டியூட், சென்சாரின் முகவரி தேட ஐ2சி-டிடெக்ட், பயாஸ் சிப்பைப் படிக்க ஃபிளாஷ்ராம். லினக்ஸில் ஹார்டுவேர் பழக ஆரம்பித்தால் இவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். கருவி என்பது இயங்கும் கோப்பு மட்டுமல்ல. மேன் பக்கம் (கருவியின் விளக்கக் குறிப்பு), கான்ஃபிக் கோப்பு (அமைப்புகள் இருக்கும் கோப்பு), சிலவற்றுக்கு யுடெவ் விதி (சாதனத்தை மாட்டும்போது லினக்ஸ் அதை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்வது) என்று கூட வரும் உருப்படிகளும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

படி 1: டெபியன், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி மூலம் நிறுவியவை /யூஎஸ்ஆர்/பின் போன்ற இடங்களில் இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். மூலநிரலிலிருந்து நீங்களே கட்டியவற்றுக்கு (கம்பைல் செய்தவற்றுக்கு) /யூஎஸ்ஆர்/லோக்கல் தான் இடம்.

படி 2: எது ஓடுகிறது என்று பாருங்கள். 'டைப் -ஏ ஏவிஆர்டியூட்' என்று கொடுத்தால் பாதையில் (கமாண்டுகளை டெர்மினல் தேடும் டைரக்டரிகளின் பட்டியலில்) உள்ள எல்லாப் பிரதிகளும் வரிசையாக வரும். முதலில் வருவதுதான் ஓடும். புதிய பதிப்பைக் கட்டிய பிறகும் ஒரு சிப்பை அது அடையாளம் காணாததால் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் '-வி' கொடுத்தபோதுதான் சிப் விவரங்களை எந்த கான்ஃபிக்கிலிருந்து படிக்கிறது என்று தெரிந்தது: என் பழைய ஸ்கிரிப்ட் '-சி' (பெரிய எழுத்து) போட்டு /ஈடிசி-யில் இருந்த பழைய கோப்பையே கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எடுத்ததும் சரியானது.

படி 3: டெபியனில் ஐ2சி-டிடெக்ட் நிறுவியும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வருகிறதா? அது /யூஎஸ்ஆர்/எஸ்பின்-இல் இருக்கிறது. சாதாரணப் பயனரின் பாதையில் அந்த டைரக்டரி இல்லை. முழுப் பாதையைக் கொடுங்கள், அல்லது முன்னால் சூடோ போட்டு நிர்வாகி உரிமையில் ஓட்டுங்கள். அதன் மேன் பக்கமும் நிர்வாகிகளுக்கான 8ஆம் பிரிவில் இருக்கும். ஏவிஆர்டியூட்டின் பக்கம் 1ஆம் பிரிவு.

படி 4: /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டாக் உள்ளே கருவியின் பெயரில் ஒரு டைரக்டரி போட்டு, ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள். பதிப்பு எண், கட்டிய தேதி, போர்டுக்கு நீங்கள் கொடுத்த முழுக் கமாண்ட் ஆகிய மூன்றும் போதும். சிமேக் என்ற பில்ட் கருவியில் கட்டியிருந்தால், பில்ட் டைரக்டரியில் 'இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பு இருக்கும். நிறுவிய ஒவ்வொரு கோப்பின் பாதையும் அதில் இருப்பதால், அதையும் இங்கே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நீக்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

படி 5: உங்கள் சொந்த யுடெவ் விதிகளை /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி-யில் போடுங்கள். அப்புறம் 'யுடெவ்-ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட்' கொடுத்து, கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.