கேர்ட் கோபேன் இன்று எதைக் கேட்பார்? ஊகிக்க ஒரு வழி

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் 1994இல் இறந்துவிட்டார்; இருந்திருந்தால் இன்று எதைக் கேட்பார்? திருகோணமலைக் கடற்கரையில் எங்களுக்குள் அடிக்கடி வரும் சண்டை இது. முதலில் நிர்வாணா பாட்டுகளை ஒதுக்கிவையுங்கள். அடுத்தவர் பாட்டில் எதை எடுத்துப் பாடினார் என்று பாருங்கள். 1993 நவம்பரில் நியூயோர்க்கில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சிக்காகப் பாடிய 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. மூன்று மீட் பப்பெட்ஸ் குழுவினுடையவை, ஒன்று பிரித்தானியப் பாடகர் டேவிட் போவியுடையது. கடைசிப் பாட்டு அமெரிக்க நாட்டார் பாடகர் லெட் பெல்லி பாடிய பழைய நாட்டார் பாட்டு. அங்கே அவர் குரல் கிழிவதை இரண்டு தரமாவது கேளுங்கள். 1991இல் பிரித்தானியப் பயணத்தில் கூடவே ஷோனென் நைஃப் என்ற ஜப்பானியப் பெண்கள் குழு.

சரி, மெருகில்லாத குரல், பெரும்பாலும் பெயர் பெரிதாகாத ஆட்கள். இந்தச் சல்லடையில் இன்றைய பாட்டுகளைப் போடுங்கள். மச்சான் ராப் என்பான். என் ஊகம், கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு.