மெய்நிகர் வேதியியல் ஆய்வகம்: செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வேதியியல் செயலி என்றாலே தரம் பார்த்தல் சோதனை வந்துவிடும்: அமிலத்தில் காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, எவ்வளவு விட்டால் இரண்டும் ஈடாகிறது என்று பார்ப்பது. பியூரெட்டை (அடியில் திறப்பு உள்ள, அளவு குறித்த கண்ணாடிக் குழல்) திறந்தால் காரம் சொட்டுகிறது, குடுவையில் நிறம் மாறுகிறது. பார்வையற்ற மாணவருக்கு மட்டும் அங்கே எதுவுமே நடக்கவில்லை.

சரி, விவரிப்பு சேர்ப்போம் என்று கிளம்புபவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். இளஞ்சிவப்பு வந்ததுமே, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் "முடிவு நிலை வந்துவிட்டது" என்று அறிவிக்கிறது. விடையையே சொல்லியாயிற்று, அப்புறம் மாணவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த அமிலத்தில் காரம் விழுந்த இடம் நொடிநேரம் சிவக்கும், குடுவையைச் சுழற்றியதும் மறையும். போகப்போக மறைய நேரமாகும். கடைசியில் ஒரு சொட்டில் வெளிர் நிறம் அப்படியே நின்றுவிடும். இதைத்தான் சொல்ல வேண்டும்: "19.8 மி.லி. இளஞ்சிவப்பு தோன்றியது, சுழற்றியதும் மறைந்தது." எங்கே நிறுத்துவது என்பதை மாணவர் முடிவு செய்யட்டும். பிஹெச் (அமில-கார அளவு) ஏற ஏறச் சுருதியும் ஏறும்படி ஒலி வைத்தால் இன்னும் நல்லது. வலிமையான அமிலமும் வலிமையான காரமும் என்றால், முடிவுக்கு அருகில் ஓரிரு சொட்டில் சுருதி தாவுவது காதில் விழும்.

நிறத்தை மட்டும் நம்புவது பழைய தவறு, இன்னும் போகவில்லை. மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போவது சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்குச் சரியாகப் பிடிபடாது. மூலக்கூறு மாதிரிகளில் ஆக்சிஜன் சிவப்புப் பந்து, குளோரின் பச்சைப் பந்து. பந்தின் மேலேயே குறியீட்டை எழுதிவிட்டால் தீர்ந்தது.

வேதி வாய்ப்பாடுகளைப் படமாக ஒட்டாதீர்கள். எழுத்தாகப் போட்டாலும் திரைவாசிப்பான் எப்படிப் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு. ஓ சிறிய எழுத்தானால் கோபால்ட். இரண்டையும் "கோ" என்றே வாசித்தால் நச்சு வாயு உலோகமாகிவிடும்!

சமன்பாட்டைச் சமன்செய்ய மூலக்கூறுகளை இழுத்துப் போடச் சொல்வது கை நடுங்குபவருக்குத் தண்டனை. கூட்டல், கழித்தல் பொத்தான்கள் போதும். 2023இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் 2.2 பதிப்பும் இழுக்காமலே செய்ய ஒரு வழி கேட்கிறது.

வெளியிடும் முன் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் பார்த்தலை முடித்துப் பாருங்கள். முதலில் பியூரெட்டின் குழாயைச் சோதியுங்கள். திறக்க வழி வைத்திருப்பார்கள், மூடத்தான் மறந்திருப்பார்கள்.