டிடிஎஸ் குறைந்தால் தண்ணீர் சுத்தமா?

பெங்களூருவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற நம்மவர்கள் முதலில் கேட்பது, "காவிரியா, போர்வெல்லா?" அடுத்தது, "டிடிஎஸ் எவ்வளவு?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்தே தண்ணீர் நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவுதான் டிடிஎஸ். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம், சோடியம் உப்புகள். பேனா போல இருக்கும் மீட்டர் இவற்றை எடை போடுவதில்லை. மின்சாரம் தண்ணீரில் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள், எண் பெரிதாக அசையாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் சட்டென்று எகிறும்.

ஆகவே "80தான் காட்டுது, அப்படியே குடிக்கலாம்" என்பது ஆபத்தான பேச்சு. கிருமி இந்த மீட்டருக்குத் தெரியாது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது பல மடங்கு கூடினாலும் மீட்டரில் 300 என்ற எண் 300 ஆகவே நிற்கும்.

தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷினை விற்க வருகிற சிலர் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும், வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள். அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால்தான் அது தெளிவாக நிற்கிறது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும்.

500ஐத் தாண்டினாலே விஷம் என்று பயப்படுவதும் தவறு. இந்தியக் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறது. ருசி மாறும், கீசரில் வெள்ளையாகப் படியும், அது வேறு தொல்லை. காவிரித் தண்ணீர் வருகிற வீட்டிலும் ஆர்.ஓ. வைத்து 20க்கு இறக்குவதால் ருசி செத்துப்போவதுதான் மிச்சம். கூடவே வடிகட்டிய தண்ணீரைவிட அதிகமான தண்ணீர் சாக்கடைக்குப் போகும். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்துக் கிடந்த ஊர் இது, மனசு ஆறவில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். போர், டேங்கர் தண்ணீரைக் குடிப்பவர்கள் லேபில் கொடுத்து ஃபுளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி மூன்றையும் பாருங்கள். ஃபுளோரைடோ நைட்ரேட்டோ அளவு மீறியிருந்தால் அப்போது ஆர்.ஓ. வாங்குவதில் நியாயம் உண்டு.